சாமிக்கு ஒரு வானம்

மேகம் தோளுக்கு முன்னால் வந்திருந்தது.

கந்தவேல் இருட்டறையின் சிவப்பு விளக்கில், தட்டில் மிதந்த குழந்தைப் படத்தைக் குனிந்து பார்த்தான். எழுபத்தெட்டாம் வருஷத்துச் செவ்வாய்ப்பேட்டை ஸ்டூடியோக்காரர்களில், செத்தவர்களுக்கு வானம் போடுவதில் அவனை அடிக்க ஆளில்லை. பழைய படத்திலிருந்து ஆளை வெட்டியெடுத்து, தானே வரைந்த வானத்தின் மேல் ஒட்டி, மறுபடி படம் பிடித்துக் கழுவித் தந்தால் எந்தக் குடும்பமும் ஒரு பாட்டம் அழாமல் போகாது. மேகம் எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் இருக்கும். மேலே ஒட்டிய ஆளைத் தாண்டி அது எப்படி முன்னால் வரும்?

வெளியே சித்திரை வெயிலில் மளிகை மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் புளித்த வாடைக்கு நடுவே ஈரமண் வாசம் ஒன்று மெல்லக் கிளம்பி, அவன் கழுத்தோரம் சில்லென்று ஊதியது. பயமாக இருந்தது. இரண்டாவது பிரதி போட்டான். மேகம் குழந்தையின் தாடையில் இருந்தது.

ஆட்டையாம்பட்டி சௌந்திரம் திங்கட்கிழமை அழுத கண்ணோடு தந்த படம். கிழவர் மடியில் ஐந்து வயசுப் பெண். "சாமிக்கு வானம் போட்டுக் குடுங்க" என்றதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடுகிறதோ என்று இவனும் மேற்கொண்டு கேட்காமல் குழந்தையை வெட்டி எடுத்தான்.

"ஏனுங்ண்ணா, சாமி படம் ஆச்சுங்களா?"

சௌந்திரத்தின் குரல். திரையை விலக்கினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படத்திலிருந்த அதே பெண் நின்றிருந்தாள். உயிரோடு.

குழந்தையைக் கைகாட்டினான். "இது... பாப்பா..."

"எம்புள்ளதானுங்க, செல்லாயி. அப்பாரு போனதுலருந்து ஏங்கிக் கெடக்குதுங்க. அவரு படத்தக் காட்டலாம்னு கூட்டியாந்தேன்."

போய்ச் சேர்ந்த கிழவரும் அவளுக்குச் சாமி. கொஞ்சும் பிள்ளையும் சாமி. பாவி, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

"அம்மா, குளுருது" என்றாள் குழந்தை.

உள்ளே ஓடினான். கிழிக்க வேண்டும். நெகட்டிவையும் எரிக்க வேண்டும். தட்டில் கை விட்டான். படத்தில் உதடு இல்லை. மூக்கு இல்லை. கண் மட்டும் அவனையே பார்த்தது. அதன் மேலும் வெள்ளை ஏறியது. கிழித்தான். நான்காய். எட்டாய். துண்டுக்குத் துண்டு வானம்.

வெளியே மூட்டைச் சத்தம் நின்றிருந்தது.

திரையை விலக்கினான்.

சௌந்திரம் மண்டி போட்டு, மகளின் சட்டைக் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். "அழுவாத சாமி, இன்னுஞ் சித்த நேரந்தான்."

சட்டைக் கழுத்துக்கு மேலே நீல வானம். அதில் ஒரு மேகம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.