காயாத மை

காணாமல் போனது ஒரு லேப்டாப். அதன் சொந்தக்காரி அதற்கு முன்பே போய்விட்டாள்.

திருச்சானூரில் டெங்குவில் இறந்த யாமினிக்குக் கருமாதி முடிந்ததும், வழக்கப்படி அவள் சீர்ப்பொருள்கள் சத்தியவேட்டில் இருந்த அப்பா வீட்டுக்கே திரும்பின. பீரோ, பாத்திரம், அவள் வரைந்து பிரிண்ட் போட்டுவைத்த படங்கள் எல்லாம் போயின. லேப்டாப் மட்டும் இல்லை. இரண்டு மாதம் கேட்டுப் பார்த்த அப்பா நாராயணசாமி, மருமகன் பரணி அதை விற்றுவிட்டான் என்று புகார் கொடுத்துவிட்டார். மாலைக்குள் கிடைக்காவிட்டால் வழக்குப் போட்டாக வேண்டும். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்குத் திருட்டுப் பட்டமுமா என்று எஸ்.ஐ. அம்சவேணிக்கு மனசு ஆறவில்லை.

காலை 10.15. ஹரிபாபுவின் சாமிபட பிரேம் கடை. பரணி லேப்டாப்பை இங்கேதான் விற்றிருப்பான் என்பது நாராயணசாமியின் சந்தேகம். வாசலிலேயே யாமினி வரைந்த பத்மாவதித் தாயார் பெரிதாகத் தொங்கினாள்.

“இது யார் குடுத்தது?”

“அந்தப் பொண்ணே சாம்பிளுக்கு வாட்ஸப்ல அனுப்பிச்சது மேடம். பெருசாக்கிப் போட்டுக்கினேன். தப்புதான்.”

அம்சவேணி லென்ஸை வைத்துப் பார்த்தாள். கோடுகளின் ஓரமெல்லாம் படிப்படியாக உடைந்திருந்தது. தாயாரின் கொலுசு வெறும் மைக்கறை.

11.00. பரணியின் வீடு.

“ஒரிஜினல் வெக்டார் படம் மேடம். எவ்ளோ பெருசாக்கினாலும் கோடு உடையாது,” என்றான் பரணி.

அப்படியானால் ஹரிபாபுவிடம் ஒரிஜினல் இல்லை, லேப்டாப்பும் இல்லை. மூலையில் துண்டு போர்த்திய பிரிண்டர் இருந்தது. பரணி வாங்கியது என்பதால் சீரோடு போகவில்லை.

“அவ போனதுல இருந்து யாரும் தொடல மேடம்.”

அம்சவேணி பக்கத்திலிருந்த தாள்கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். “இது எந்தப் பக்கம் வெக்கணும்?”

“எனுக்குத் தெரியாது மேடம். அதெல்லாம் அவ வேலை.”

காபி கொண்டுவந்த பரணியின் அம்மா லட்சுமம்மா, “அந்தப் பக்கம் இல்லம்மா, நல்லா வெள்ளையா கீறது மேல வரணும்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அம்சவேணி தாளைத் திருப்பி வைத்துச் சோதனைப் பட்டனை அழுத்தினாள். கோடுகள் ஓரிடத்தில்கூட விடுபடாமல் வந்தன. அவள் உடனே சத்தியவேட்டுக்குப் போன் போட்டாள்.

பிற்பகல் 2.00. நாராயணசாமி பரணி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

“ஸ்டேஷன் பிரிண்டர பத்து நாள் சும்மா விட்டாலே மை காஞ்சி கோடு விட்டுவிட்டு வருது,” என்றாள் அம்சவேணி. “ரெண்டு மாசமா யாரும் தொடாதது இது. ஆனா துளி கோடு விடல. யாரோ படம் போட்டுக்கினே இருக்காங்க. லேப்டாப் இந்த வீட்டத் தாண்டவே இல்ல. தாளு எந்தப் பக்கம்னுகூட பரணிக்குத் தெரியல. தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்.”

லட்சுமம்மா எழுந்து உள்ளே போனாள். அரிசி டிரம்முக்குள்ளிருந்து, புடவையில் சுற்றிய லேப்டாப்பையும் சில படங்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

“வெள்ளிக்கிழமைன்னா நானும் அவளும் ஒண்ணு போடுவோம். வாரம் ஒருக்கா போடலன்னா மை காஞ்சி பூடும் அத்தேன்னுவா. எந்தப் பட்டன்னு அவதான் காட்டினா. இவன் லாட்ஜுக்கு டூட்டி போனப்புறம் போடுவேன். அந்த மிஷினு சத்தம் கேட்டா, அவ உள்ள வேலை செஞ்சிக்கினு கீற மாதிரியே இருக்கும்.”

“பையன் மேல பழி வந்துச்சே?” என்றாள் அம்சவேணி.

“இன்னிக்கிக் குடுத்துடலாம்னுதான் தெனமும் நெனச்சேன். கை வரல.”

அம்சவேணி அவற்றிலிருந்த தாயார் படத்தை லென்ஸில் பார்த்துவிட்டு, இரண்டையும் நாராயணசாமியிடம் நீட்டினாள். “கொலுசப் பாருங்க.”

ஹரிபாபு கடையில் கறையாக இருந்த இடத்தில், இங்கே மயிரிழை போன்ற எழுத்துகள் தெளிவாக இருந்தன. லட்சுமம்மா. சுற்றிச் சுற்றி அதே பெயர். மாமியார் வீட்டில் மகள் என்ன பாடுபட்டாளோ என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனிதர், லென்ஸை வெகுநேரம் எடுக்கவில்லை.

“கேஸு வேணாம்மா,” என்றார் கடைசியில். “ஆனா இத எடுத்துக்கினு போறேன். மொற அது.”

லட்சுமம்மா தலையாட்டினாள். லேப்டாப்போடு வாசல் வரை போனவர் நின்றார்.

“வெள்ளிக்கிழமை எடுத்துக்கினு வர்றேன் சம்மந்தியம்மா. தாளு எந்தப் பக்கம்னு எனுக்கும் காட்டுங்க.”

லட்சுமம்மா பிரிண்டர் மேல் துண்டைப் பழையபடி போர்த்தினாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.