வானத்தைத் துடைத்தவன்

"ஐயையோ... படம் நனையுது!"

ஷிகேயோ திரும்பிப் பார்ப்பதற்குள் எவனோ ஒருவன் ஓடி வந்து, தன் மேலங்கியைக் கழற்றி அவள் ஓவியத்தின் மேல் போர்த்திவிட்டான். போர்த்தியதோடு விட்டானா? காற்றில் பறந்துவிடுமென்று இரண்டு கையாலும் அழுத்தி வேறு பிடித்துக்கொண்டான்!

"ஏங்க! முதல்ல கையை எடுங்க!"

எடுத்தான். படத்தில் ஜோனென் மலைக்கு மேலிருந்த வானம் முழுக்க அங்கியோடு வந்துவிட்டது.

"இது எண்ணெய்ச் சாயம்ங்க! மழை ஒண்ணும் பண்ணாது... துணி பட்டாத்தான் போச்சு!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மரப்பலகை அச்சுக்காரன். எங்க சாயத்துல ரெண்டு சொட்டு மழை விழுந்தா அன்னிக்குப் பொழப்பே போச்சு..."

இமையில் மழை சொட்டச் சொட்ட அவன் விழித்த விழிப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல கண்கள்... இருந்து என்ன? "கண்காட்சிக்குப் போக வேண்டிய படம்ங்க இது!" என்று அதட்டினாள்.

"பேரு?" என்றாள்.

"மொமோசே தெய்ஜி."

அடப்பாவி, இவன்தானா! போன வசந்தத்தில் தரகர் கொண்டுவந்த வரன். கனாய் வீட்டில் இவள் ஒரே பெண். வருகிறவன் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, கனாய் என்ற குடும்பப் பெயரையே ஏற்க வேண்டும். 'பேரை விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்ல' என்று பெண்ணைப் பார்க்காமலே சொல்லியனுப்பிய மகராசன்!

"நான் கனாய் ஷிகேயோ" என்றாள், வேண்டுமென்றே நிறுத்தி.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"தப்பு என்னோடது... நீங்க இதே மலையை அச்சுப் படமாவும் செய்யறதாக் கேள்வி. அதை அனுப்பலாமே, நான் வந்து கூடமாட செய்யறேன்."

"நானே வரைஞ்சு, நானே செதுக்கி, நானே அச்சிடறவ. அடுத்தவங்க கை படக்கூடாது."

"அதான் பட்டாச்சே..."

மறுநாளே வந்து நின்றான். தாளை ஈரப்படுத்த மட்டும் விட்டாள். அப்புறம் பலகையில் சாயம் பூச விட்டாள். மேலே கருநீலம், கீழே வரவர வெளுத்த வானம்... அவன் தூரிகையால் இழைக்க, ஈரம் காய்வதற்குள் அவள் தாளை வைத்துத் தேய்த்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. தேநீரும் ஊறுகாய்க் கீரையும் கொண்டுவந்த அம்மா, "வானம் சிரிக்குதா, நீ சிரிக்கிறியாடி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஷிகேயோவுக்குக் காது சிவந்தது.

பிடித்துத்தான் இருக்கிறது... ரொம்பவே. ஆனால் பேரை விடமாட்டேன் என்றவனாயிற்றே! படம் முடிந்தால் போய்விடுவானே...

படம் முடிந்தது. தாளின் ஓரத்தில், 'வரைந்து, செதுக்கி' வரை எழுதியவளின் பென்சில் நின்றது.

"அச்சிட்டதுல உங்க பேரையும் போடறேன்."

"வேண்டாம்."

"பேர்னா உசிரை விடுவீங்களே... இப்ப மட்டும் ஏன் வேண்டாம்?"

தெய்ஜி கையைத் துடைத்துக்கொண்டான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தரகர்கிட்ட அப்படிச் சொன்னப்ப உங்களை நான் பார்த்ததில்லைங்க. இப்ப உங்களை விட்டுட்டு அந்தப் பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? உங்க மேல ஆசைப்பட்டுட்டேன்... கனாய்ங்கற பேரை எனக்குக் குடுப்பீங்களா?"

பென்சில் பாயில் உருண்டது. அவள் எடுக்கவில்லை.

"குடுக்கறேன்..." என்றாள். "ஆனா அப்பாகிட்ட நீங்களே போய்க் கேளுங்க. நான் வாயைத் திறந்தா சந்தோஷத்துல அழுதுடுவேன்."