புயல் நாளில் நாலு டிகிரி

"இன்னா சார், மொத்த மழையையும் என் மடியில எறக்கிட்டீங்க?"

ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு ஏறியவன் அவசரமாகக் குடையை மடக்கினான். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் மன்னிப்புக் கேட்டன... ரிஃபானாவால் அதற்கு மேல் முறைக்க முடியவில்லை.

"உதடு முணுமுணுத்துகினே இருக்கே, பரீட்சையா?" என்று கேட்டான்.

"அத்தவிட பேஜாரு. எங்க ஆஸ்பத்திரி தரத்தைப் பாத்து சர்டிபிகேட் குடுக்க எவனோ வர்றானாம். அவன் முடியாதுன்னா இன்சூரன்ஸ் கார்டு எங்ககிட்ட செல்லாது. என் நர்ஸ் வேலையும் பூடும்."

அவன் சிரித்தான். அந்த ஒரு நிமிடம் மட்டும் அவளுக்குப் பயம் மறந்தது.

பத்து மணிக்கு, ஆய்வுக்கு வந்தவர் வார்டுக்குள் நுழைந்தார். அதே கண்கள்... கழுத்து அட்டையில் பெயர், ஜுபைர்.

தெரிந்தவளாக அவன் காட்டிக்கொள்ளவில்லை. கை கழுவும் முறையைக் கேட்டான்; தீப்பிடித்தால் நோயாளிகளை எந்த வழியாக இறக்குவாள் என்று கேட்டான். சொன்னாள். பிறகு மருந்து ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டைப் புரட்டினான். நிர்வாகி மதார் சாகிப் அதட்டியதால், விட்டுப்போன நாட்களை எல்லாம் போன வாரம் ஒரே மூச்சில் நிரப்பியவள் அவள்தான்.

அவன் விரல் ஓரிடத்தில் நின்றது.

"புயல் அடிச்ச ரெண்டு நாள் இது. நானும் இதே காலடிப்பேட்டைதான் சிஸ்டர். எங்க வூட்ல மெழுகுவத்தி. ஏரியா பூரா கரண்ட் இல்ல... இங்க மட்டும் எப்படி நாலு டிகிரி?"

ஜெனரேட்டர் ஓடியதாகச் சொல் என்றன பக்கத்தில் நின்ற மதார் சாகிப்பின் கண்கள். ஜெனரேட்டர் அறையில் அன்று இடுப்பளவு தண்ணீர். பொய் அவள் தொண்டை வரை வந்தது... அங்கேயே நின்றுவிட்டது.

"நான் எழுதினது பொய் சார். ஆனா கெட்டுப்போன இன்சுலின் எதையும் யாருக்கும் போடல. அத்தனையும் அழிச்சிட்டேன்."

அவன் எழுதினான். சான்றிதழ் இல்லை, மூன்று மாதத்தில் மறு ஆய்வு. அதிலும் தேறாவிட்டால் நீ வீட்டிலேயே இருந்துகொள் என்றார் மதார் சாகிப்.

அதன் பிறகு தினமும் மூன்று வேளை, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் ஜுபைர் நகர்ந்து இடம் கொடுத்தான், அவள் ஏறவில்லை. இவனால்தானே என்ற கோபம்... அவனை எதிரில் பார்த்தால் அது கோபமாகவே இல்லையே என்ற பயம்.

மறு ஆய்வுக்கு வேறொரு அம்மாள் வந்தார். சாயங்காலம், தேறிவிட்டது என்றார்கள். வார்டே சிரித்தது. ரிஃபானாவால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவன் ஏன் வரவில்லை...

ஆஸ்பத்திரி வாசலில், தூறலில் நின்றிருந்தான்.

"பொய் எழுதினவ மூஞ்சிய இன்னொரு தபா பாக்க வேணாம்னு வுட்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

"வர்றதுக்கு முன்னாடி ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும். இந்த ஆஸ்பத்திரில எனக்கு நெருக்கமானவங்க யாரும் இல்லன்னு." என்றான் அவன். "போட முடியல, ரிஃபானா. வேலை போனாலும் போவுதுன்னு அத்தினி பேரு எதிர்ல உண்மைய சொன்னீங்களே... அன்னிலேர்ந்து முடியல."

இத்தனை நாள் பயந்தது இதற்குத்தானா? அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த ஃபாரத்த எங்கிட்ட நீட்டியிருந்தா..." என்றாள் மெல்ல, "நானும் போட்டிருக்க மாட்டேன்."