கந்தலுக்கு என்ன ஆச்சு?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் 'உப்புக் கோட்டை' தொடங்கும். ஏழு பத்துக்கு அப்பாவின் தலை சாயும். ஏழு பதினைந்துக்குக் குறட்டை கிளம்பும். வீட்டுக் கடிகாரம்கூடச் சில நாள் பின்தங்கும். அப்பாவின் குறட்டை பின்தங்கியதே இல்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வேலை செய்வது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வரும். துவைத்த ஈரத் துணியை இயந்திரத்திலிருந்து அள்ளி, தள்ளுவண்டியில் போட்டு, உலர்த்தும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவது அப்பாவின் வேலை. ஈரத் துணி என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவருக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அதனால் அப்பாவுக்கும் கிடையாது. அப்படி உழைத்துவிட்டு வந்த உடம்பு, நாற்காலியைக் கண்டதும் 'அப்பாடா' என்று சொல்லிவிடும். அதற்கப்புறம் அது யார் பேச்சையும் கேட்காது.

ஆனால் திங்கட்கிழமை காலையில் அப்பாவுக்குக் கதை தெரிந்தாக வேண்டும்.

ஏனென்றால் உலர்ந்த விரிப்பை மடிப்பதும் அப்பாவின் வேலைதான். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இந்த முனை, ஒருவர் அந்த முனை. நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும், மறுபடி பின்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. பேச்சு இல்லாவிட்டால் நின்றபடியே தூங்கிவிடுவார்கள். அதனால் வாரம் முழுக்க அங்கே ஒரே பேச்சுத்தான்: உப்புக் கோட்டை, உப்புக் கோட்டை, உப்புக் கோட்டை.

அப்பாவுக்குக் கதையைச் சொல்லி அனுப்புவது அவருடைய பத்து வயது மகள். எந்தப் புத்தகம் கிடைத்தாலும் குடைந்துவிடுவதால் அவளுக்கு வண்டு என்று பெயர். உப்புக் கோட்டை முதலில் புத்தகமாக வந்த கதைதான். தலையணை கனத்தில் மூன்று பாகம். பள்ளி நூலகத்தில் மூன்றையும் அவள் குடைந்து முடித்திருந்தாள். ஆனாலும் ஞாயிறுதோறும் கண்கொட்டாமல் டிவி பார்ப்பாள். மறுநாள் காலை அப்பா செருப்பு மாட்டும் நேரத்துக்குள் முழுக் கதையையும் சொல்லிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தப்பு நடந்துவிட்டது.

அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. வண்டுவும் அம்மாவும் கீழேயிருந்து மூன்று மாடி ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு அம்மா வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஏழு மணிக்குத் தொடரின் பாட்டு ஒலித்தது. வண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். திறந்தபோது திங்கட்கிழமை.

"பாப்பா, சீக்கிரம் சொல்லும்மா, நேரமாச்சு. கடைசியில என்ன ஆச்சு?" என்றார் அப்பா, ஒரு காலைச் செருப்புக்குள் விட்டபடி.

'நானும் தூங்கிட்டேன்ப்பா' என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் முகம் அவ்வளவு ஆவலாக இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் போடுவார்கள். ஆனால் அப்போது அப்பா வேலையில் இருப்பார், இவள் வகுப்பில் இருப்பாள். வண்டு யோசித்தாள். இத்தனை வாரமும் டிவியில் வந்தது புத்தகத்தில் இருந்ததுதான். இந்த வாரம் மட்டும் மாறிவிடுமா என்ன?

"கந்தல் செத்துப்போச்சுப்பா."

அப்பாவின் இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது. "கந்தலா!"

கந்தல் ஒரு டிராகன். மற்ற டிராகன்கள் நெருப்புக் கக்கும். கந்தலுக்கு நெருப்பு வராது, ஆவி மட்டும்தான் வரும். அதன் சிறகுகள் கிழிந்து கந்தலாகத் தொங்கும். உப்பு மூட்டை சுமப்பதுதான் அதன் வேலை. கோட்டையில் ராஜா, ராணி, தளபதி என்று எத்தனையோ பேர் இருந்தார்கள். சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் பிடித்தது கந்தலைத்தான்.

"கோட்டை வாசலைக் காப்பாத்தப் போய், மேலயிருந்து கடல்ல விழுந்துடுச்சுப்பா."

"அடப் பாவமே," என்றார் அப்பா. படி இறங்கும்போதும் இரண்டு தடவை அதையே சொல்லிக்கொண்டு போனார்.

பள்ளியில் முதல் மணி அடிக்கும் முன்பே வண்டுவின் பக்கத்து பெஞ்சுக்காரி ஓடி வந்தாள்.

"நேத்துப் பார்த்தியாடீ? கந்தல் பொழைச்சதும் நான் குதிச்ச குதியில எங்க வீட்டுக் கட்டில் கால் போச்சு!"

வண்டு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பொழைச்சுதா? புத்தகத்துல செத்துடுமே!"

"டிவியில மாத்திட்டாங்கடீ. கந்தல் விழும்போது உப்புக்காரங்க எல்லாம் படகுல வந்து, பாய்மரத் துணியை விரிச்சு அப்படியே பிடிச்சுட்டாங்க. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்... கொஞ்சம்," என்றாள் வண்டு.

அன்றைக்கு எந்தப் பாடமும் அவள் தலையில் ஏறவில்லை. 'அப்பா போய்ச் சொல்லியிருப்பார். எல்லோரும் சிரித்திருப்பார்கள். தூங்குமூஞ்சி என்றும் புளுகர் என்றும் பெயர் வைத்திருப்பார்கள். இனி அப்பா விரிப்பு மடிக்கும்போது யாருடன் பேசுவார்?' ஒரே கதையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பேசுவதுதான் அப்பாவுக்கு அந்த வேலையில் இருந்த ஒரே குஷி. அதையும் நாமே கெடுத்துவிட்டோம் என்று அவள் நொந்துகொண்டாள்.

பள்ளி விட்டதும் சலவைக் கூடத்துக்கு ஓடினாள். இரண்டு தெரு தூரம்தான். பின்வாசலில் வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் முகத்தில் அடித்தன.

உள்ளே யாரும் சிரிக்கவில்லை. சாவு வீடு மாதிரி இருந்தது.

இஸ்திரி அக்கா மேஜை முன் நின்றுகொண்டிருந்தார். அவரது மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. மேஜைமேல் ஒரு டாக்டர் கோட்டு கிடந்தது. அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

"இது ரெண்டாவது கோட்டு, அக்கா," என்றார் மேஸ்திரி. திட்டுவதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை. "இன்னொண்ணு தீய்ஞ்சா மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு டிராகனுக்காகவா?"

"சும்மா ஒரு டிராகன்னு சொல்லாதீங்க," என்று மூக்கை உறிஞ்சினார் இஸ்திரி அக்கா. "அதுவும் என்னை மாதிரி நாள் முழுக்க ஆவிக்குள்ள நின்ன ஜீவன். ஒரு நாள் நல்ல சாப்பாடு உண்டா, ஒரு பாராட்டு உண்டா? கடைசியில கடல்ல தள்ளிட்டாங்க. இனிமே அந்த டிவிப் பக்கம் நான் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"நானும் பார்த்தேனே," என்றார் துணி ஏற்றிச் செல்ல வந்த டிரைவர் மாமா. "விழுந்துச்சு பாருங்க, 'தொபீர்'னு ஒரு சத்தம்! இன்னும் காதுலயே இருக்கு."

"எனக்கும் நெஞ்சை அடைச்சிடுச்சு," என்றார் மேஸ்திரி.

வண்டு விழித்தாள். கடலில் விழவே விழாத டிராகனின் சத்தம் டிரைவர் மாமாவுக்கு எப்படிக் கேட்டது? மேஸ்திரிக்கு நெஞ்சு ஏன் அடைத்தது?

அவள் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். டிரைவர் மாமா வாசலில் நின்ற வேனின் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். கதவு மட்டும் இல்லையென்றால் விழுந்திருப்பார். மேஸ்திரி கொட்டாவியைக் கையால் மறைத்தார். இஸ்திரி அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். அப்பா தள்ளுவண்டிக் கைப்பிடியில் தாடையை ஊன்றியிருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா தப்பாகச் சொன்னதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்படியானால் ஒருவரும் பார்க்கவில்லை!

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் மானம் போகாது. ஆனால் இஸ்திரி அக்கா மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கோட்டை எடுத்தார்.

"அக்கா," என்றாள் வண்டு. "நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"சொல்லு கண்ணு."

"நேத்து நான் பாட்டு முடியறதுக்குள்ளயே தூங்கிட்டேன். வெட்கமா இருந்துச்சு. அதனால அப்பாகிட்ட புத்தகத்துல இருந்ததைச் சொல்லிட்டேன். டிவியில கந்தல் சாகலை, அக்கா. எங்க கிளாஸ்ல சொன்னாங்க. உப்புக்காரங்க பாய்மரத் துணியை விரிச்சுப் பிடிச்சுக் காப்பாத்திட்டாங்க."

இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சாகலையா? துணியில பிடிச்சாங்களா? நாம விரிப்பு பிடிக்கிற மாதிரி, முனைக்கு ஒரு ஆளா?"

"ஆமாக்கா."

"அட என் ராசா!" என்று அவர் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு சட்டென்று அப்பா பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க பார்க்கவே இல்லையா, அண்ணே?"

அப்பா வண்டிச் சக்கரத்தையே பார்த்தார். காது சிவந்துவிட்டது. வண்டு போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டுப் பார்த்தேன்," என்றார் அப்பா.

"எந்த வாரப் பாட்டு?"

"எல்லா வாரமும் பாட்டு மட்டும்தான்."

டிரைவர் மாமா வாய்விட்டுச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணே," என்றார் இஸ்திரி அக்கா மெதுவாக. "தொபீர்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னீங்களே?"

டிரைவர் மாமா தலையைத் தடவினார். "கேட்டுச்சும்மா. அது என் தலை சுவத்துல இடிச்ச சத்தமா இருக்கும். தூக்கத்துல சரியாத் தெரியலை."

"என்னைப் பார்க்காதீங்க," என்றார் மேஸ்திரி அவசரமாக. "நான் விளம்பரம் வரைக்கும் முழிச்சிருந்தேன்."

"எத்தனாவது விளம்பரம்?"

"முதல் விளம்பரம்," என்று மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி விடுங்க. நானும் கோட்டை வாசல் திறக்கறதைப் பார்த்தேன், அவ்வளவுதான். கண்ணைத் திறந்தா விடிஞ்சிருக்கு," என்றார் இஸ்திரி அக்கா.

அப்புறம் அங்கே எழுந்த சிரிப்பில் இயந்திரச் சத்தமே அமுங்கிப் போனது. இத்தனை வாரமாக ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் தலையாட்டி, நான்கு பேர் சேர்ந்து யாருமே பார்க்காத கதையைப் பேசியிருக்கிறார்கள்!

"அப்போ இனிமே என்ன செய்யறது?" என்றார் டிரைவர் மாமா கண்ணைத் துடைத்தபடி. "ஒரு மணி நேரம் முழிச்சிருக்க நம்மால ஆகாது."

வண்டு சுற்றிலும் பார்த்தாள். "இந்த மெஷினை எல்லாம் நீங்க நாலு பேரும் நாள் முழுக்கப் பார்த்துட்டேவா நிக்கறீங்க?"

"அது எப்படி முடியும்? மாத்தி மாத்தித்தான் பார்ப்போம். ஷிஃப்ட்டு."

"அதே மாதிரி டிவியையும் பாருங்களேன். ஆளுக்குக் கால் மணி நேரம். உங்க முறை வர்ற வரைக்கும் நல்லாத் தூங்குங்க. அலாரம் அடிச்சதும் எழுந்து பாருங்க. திங்கட்கிழமை வந்து அவங்கவங்க பங்கைச் சொன்னா முழுக் கதையும் வந்துடும்."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்தார். ஷிஃப்ட்டு போடுவது அவர் தினமும் செய்யும் வேலை. சுவரில் தொங்கிய அட்டையின் ஓரத்திலேயே எழுத ஆரம்பித்தார்.

"முதல் கால் மணி உங்களுக்கு," என்று அப்பாவிடம் சொன்னார். "நீங்கதான் சீக்கிரம் சாயற ஆளு. ரெண்டாவது நான். மூணாவது டிரைவர்."

"கடைசி எனக்கு," என்றார் இஸ்திரி அக்கா. "கந்தலை ஒரு கண்ணு பார்த்துட்டுத்தான் படுப்பேன்."

"எனக்கு?" என்றாள் வண்டு.

"உனக்கு லீவு," என்றார் அப்பா. "மூணு மாடி தண்ணி தூக்கின பிள்ளைக்கு என்ன ஷிஃப்ட்டு?"

அடுத்த ஞாயிறு வந்தது. அப்பா முகத்தைக் கழுவி, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். சாய்ந்தால் ஆபத்து என்று நாற்காலியின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு மணிக்குப் பாட்டு ஒலித்தது. பாட்டு முடிந்தும் அவர் கண் திறந்தே இருந்தது. திரையில் வெள்ளை வெளேரென்று உப்பு மலைகள் தெரிந்தன.

"பாப்பா! பாட்டுக்கு அப்புறம் இவ்வளவு அழகா இருக்குமா இது?"

பக்கத்தில் சுருண்டு படுத்திருந்த வண்டு பாதிக் கண்ணைத் திறந்தாள். "அப்பா, இப்ப அந்தத் தளபதி வருவான், அவன் யாருன்னா..."

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் தலையைத் தட்டிக் கொடுத்தார்.

"இப்ப என் ஷிஃப்ட்டு. நீ தூங்கு."