நெருப்பு வாங்க வந்தவள்

"இந்த டப்பாவைக் கழுவினது யாரு?"

கார்பின் ஸ்லோன் வாசலில் நின்று கேட்டான். தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே லவீனா டாக்கெட் அந்தத் தகர டப்பாவைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"நான்தான். ஏன்?"

"உள்ள இருந்தது?"

"கருகின கந்தல்தானே... வெளிய கொட்டிட்டேன். பிள்ளைங்க சாப்பிடற மேசையில அதையெல்லாமா வைக்கிறது?"

கார்பின் எட்டிப் பார்த்தான். சோவென்று பெய்யும் மழையில், சேற்றில், கறுப்புக் கறுப்பாகத் துணித் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"டீச்சர், அது கந்தல் இல்ல. என்னோட ரெண்டு நல்ல சட்டை. ஒரு வாரமா உட்கார்ந்து பதமாக் கருக்கி வெச்சது. மூணு நாளைக்கு முப்பது பிள்ளைங்களோட நெருப்பு மொத்தமும் அதுதான்."

நான் அப்போது சமையல் கொட்டகையில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். அந்தச் சிரிப்புக்காக லவீனா என்னை இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் நாட்டுக்கு இருநூறு வயது ஆன வருஷம் அது... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. ஊரெல்லாம் கொடி, மேளம், ஊர்வலம். கென்டக்கி மலையில், எங்கள் ஓடைக்கரையில் மட்டும் பிள்ளைகள் முகாம். இந்த மலைக்கு முதலில் குடிவந்தவர்கள் எப்படி நெருப்பு மூட்டினார்கள், எப்படி மரம் பிளந்தார்கள், எப்படித் தடம் பார்த்து மான் தேடினார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கற்றுக்கொடுப்போம். கற்றுக்கொடுப்பவன் கார்பின். மற்ற நாளெல்லாம் கொல்லன். சமையல் நான், ஓபல். எல்லோருக்கும் ஓபல் அத்தை.

லவீனா வரவேண்டியவளே இல்லை. சின்சினாட்டி நகரத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் சரித்திர வாத்தியார் கிளம்புவதற்கு முதல் நாள் மாடிப்படியில் கால் தவறி விழுந்தார். அவருக்குப் பதிலாகக் கடைசி நிமிஷத்தில் ஏறிவந்த கணக்கு டீச்சர் இவள். வயது இருபத்தேழு. மழை வரும் முன் வானத்துக்கு ஒரு சாம்பல் நிறம் வருமே... அந்த நிறக் கண்கள். அந்தக் கண்ணில்தான் முதலில் கோபத்தைப் பார்த்தான் கார்பின். பார்த்துவிட்டு ஏன் தானே சட்டென்று கீழே குனிந்துகொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லையாம்.

சிக்கிமுக்கிக் கல்லை இரும்பால் தட்டினால் பொறி பறக்கும். ஆனால் அந்தப் பொறி கண் சிமிட்டும் நேரத்தில் அணைந்துவிடும். அதைப் பிடித்துவைக்கக் கருக்கிய பருத்தித் துணி வேண்டும். கார்பினின் சட்டைப்பையில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை வைத்துப் பெரிய அடுப்பை மூட்டினான். குடிசை குடிசையாகத் தங்கியிருந்த பிள்ளைகள் அதிலிருந்து கங்கு வாங்கிப் போகவேண்டும்.

"எங்க வழக்கம் இதுதான் பிள்ளைங்களா," என்றான் எல்லோரையும் உட்காரவைத்து. "நெருப்பு அணைஞ்சா பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேக்கணும். கேட்டவங்களுக்கு யாரும் இல்லன்னு சொன்னதில்ல. ஆனா நாமளா கொண்டுபோய்க் குடுக்க மாட்டோம். வந்து கேக்கணும். வாங்கினவங்க உட்காரவும் மாட்டாங்க. கங்கு அணையறதுக்குள்ள வீட்டுக்கு ஓடணும். அதனாலதான் யாராவது வந்த உடனே கிளம்பினா, 'என்ன, நெருப்பு வாங்கவா வந்தே?'ன்னு கேலி பண்ணுவோம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கார்பின் லவீனாவைப் பார்த்துச் சொன்னான். "டீச்சரும் வந்து கேக்கலாம்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், நான் அங்கேயே இருந்தேன். ஆனால் அவள் காதில் அது குத்தலாக விழுந்தது.

"தேவைப்படாது," என்றாள். "கல்லும் இரும்பும் குடுங்க. நாங்களே மூட்டிக்கிறோம்."

"கருக்கின துணி இல்லாம வராது டீச்சர்."

"பாக்கலாம்."

ஓடைக்கு அக்கரையில் இருந்தது அவள் குடிசை. ஆறு பெண் பிள்ளைகள் அவளோடு. மே மாதம்தான், ஆனால் டாக்வுட் மரம் பூக்கும்போது எங்கள் மலையில் ஒரு குளிர் வரும், எலும்பைத் துளைக்கும். லவீனா தட்டினாள்... தட்டினாள்... வெளிச்சம் மங்கும்வரை தட்டினாள். விரல் முட்டி உரிந்து ரத்தம் வந்தது. பொறிகள் வந்தன, போயின. மூலையில் நடீன் என்கிற ஒல்லிப் பெண் உதடு நீலமாகி உட்கார்ந்திருந்தாள்.

'போய்க் கேட்டால் என்ன குறைந்துபோகும்?' என்று மனசு சொன்னது. 'அவன் சிரிப்பானே' என்றது இன்னொரு மனசு.

"பிள்ளைங்களா, குடிசைக்குப் பின்னால காஞ்ச விறகு இருக்கு, எடுத்துட்டு வாங்க," என்றாள். ஆறு பேரும் வெளியே போனதும் கைப்பையைத் திறந்தாள். வீட்டு அடுப்புக்கு வாங்கிய தீப்பெட்டி உள்ளே இருந்தது.

பிள்ளைகள் திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடீன் வாயைப் பிளந்தாள்.

"டீச்சர்... கல்லாலயா?"

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியை அவள் விட்டுவிட்டாள். "ஆமா," என்றாள்.

மறுநாள் காலை முகாம் முழுக்க இதே பேச்சு. நடீன் ரொட்டியைக்கூடத் தொடாமல் கதை சொன்னாள். "கை எல்லாம் ரத்தம் தெரியுமா... ஆனா டீச்சர் விடவே இல்ல." கார்பின் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து லவீனாவின் முன்னால் வந்து நின்றான்.

"பதினொரு வருஷமா இதைச் சொல்லிக்குடுக்கிறேன். துணி இல்லாம, மழையில, எனக்கு வராது," என்றான். "கையைக் காட்டுங்க."

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவன் சிரித்துவிட்டு, மெழுகும் பன்றிக்கொழுப்பும் கலந்த மருந்தை என்னிடம் கொடுத்து அவளுக்குப் பூசச் சொன்னான். பெண் கையைத் தானே தொட்டுப் பூசக் கூச்சம், பெரிய கொல்லனுக்கு.

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். மழை விட்டு, இலைக்கு இலை வெயில். கார்பின் ஓடை மணலில் குனிந்து மான் தடம் காட்டினான். "இது தாய். இது குட்டி. குட்டி இங்க நின்னு திரும்பிப் பாத்திருக்கு, தெரியுதா?" லவீனா பிள்ளைகளோடு பிள்ளையாக மண்டியிட்டுப் பார்த்தாள். கோடாலியை அவள் தூக்கிய லட்சணத்தைப் பார்த்து, "டீச்சர், அது மரம்... கரும்பலகை இல்ல, மெல்லத் தட்டினா விழாது," என்றான். "உங்களுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியுமா, சொல்லுங்க பாப்போம்," என்றாள் அவள். அவன் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்றான். முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் திருத்தினார்கள். அவள் சிரித்தபோது அவன் கையிலிருந்த ஆப்பு கால்மேலேயே விழுந்தது.

சாயங்காலம் எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டான். மழையில் நெருப்பு உண்டாக்கியவருக்குத் தன் கையால் அடித்த இரும்பு ஒன்றைத் தருவது முகாமின் வழக்கம். இரண்டு முனையும் சுருண்ட சின்னத் தட்டிரும்பு. பதினொரு வருஷத்தில் மூன்று பேருக்குத்தான் கொடுத்திருக்கிறான்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். லவீனாவின் உள்ளங்கையில் அது சுட்டது. 'இப்போது சொல்லு' என்றது மனசு. நடீனின் முகத்தைப் பார்த்தாள்... பூரித்துப்போயிருந்தது. வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால் ஒரு வார்த்தை. காபி கொடுத்தால் "வேண்டாம்." பாவம், அவன் என் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தான்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா ஓபல் அத்தை?"

"உன் வாய்க்கு எது தப்பு, எது சரின்னு நான் எப்படிடா கண்டுபிடிக்கிறது?"

"நாளைக்குப் பஸ் வந்துடும்," என்றான். அதோடு எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ் பதினொரு மணிக்கு. லவீனா என்னிடம் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். ராத்திரி அழுத கண். எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, அந்தப் பையன் மேல என்ன கோவம்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னோட இந்த இரும்புச் சட்டியில மூணு தடவை கங்கு அள்ளிட்டு ஓடைக்கரைக்குப் போனான். கேக்காம குடுக்கக்கூடாதுன்னு சொன்னவனும் அவன்தான், மழையில சட்டியை மூடிக்கிட்டு நின்னவனும் அவன்தான். மூணு தடவையும் கங்கு அணைஞ்சு திரும்பி வந்தான்."

தட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"ஓடைக்கரையில... எங்க நின்னார்?"

"பாலத்துக்குப் பக்கத்துல. உங்க குடிசை ஜன்னலுக்கு நேரா."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். காரணம் அப்போது எனக்குத் தெரியாது. தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள். அக்கரையில் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த தன் ஆறு பெண்களையும் கீழே இறக்கினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நெருப்பு கல்லால வரல. உங்களை வெளிய அனுப்பிட்டு தீக்குச்சி கிழிச்சேன். பொய் சொன்னேன்."

நடீனின் முகம் சுருங்கியது. அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று லவீனா பிறகு சொல்வாள். கடைசியில் நடீன்தான் கேட்டாள்.

"அப்ப கல்லால நெருப்பு வரவே வராதா?"

"வரும். எனக்கு வரல."

நடீன் யோசித்தாள். "அந்த மூணாவது தடவை பெரிய பொறி வந்துச்சு டீச்சர். நான் பாத்தேன். அது பொய் இல்லையே," என்றாள். லவீனா அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் பாலத்தைத் தாண்டி, கார்பினின் பட்டறைக்கு ஓடினாள்.

அவன் துருத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். அவள் தட்டிரும்பை, இரும்படிக்கும் பட்டடைமேல் வைத்தாள்.

"இது என்னோடது இல்ல. உங்களுக்கும் தெரியும். ஜன்னல்ல பாத்திருக்கீங்க."

"பாத்தேன்," என்றான் மெதுவாக.

"அப்புறம் எதுக்குக் குடுத்தீங்க? எல்லார் முன்னாலயும்... என்னை வெச்சு விளையாடினீங்களா?"

"ஐயோ, இல்ல." முதல் தடவையாக அவன் குரல் தடுமாறியது. "அந்த நடீன் பொண்ணு அப்படிச் சொல்லுது, முப்பது பேர் கேக்கறாங்க. அங்க வெச்சு உங்களை எப்படித் தலைகுனிய விடறது? அதோட... பிள்ளைங்க குளிர்ல நடுங்கினா நானும் தீக்குச்சிதான் எடுத்திருப்பேன். தப்பு என்னோடது. கங்கைக் கையில வெச்சுக்கிட்டு, வழக்கம் வழக்கம்னு இந்தக் கரையிலயே நின்னேன் பாருங்க... பாலம் நாப்பது அடிதான்."

அவள் கண் நிறைந்துவிட்டது. பஸ் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"நான் போகணும்," என்றாள்.

"என்ன டீச்சர், நெருப்பு வாங்கவா வந்தீங்க?" என்றான். கேலிதான்... ஆனால் சிரிப்பு வரவில்லை இரண்டு பேருக்கும்.

பஸ் போய்விட்டது. தட்டிரும்பு பட்டடைமேலேயே கிடந்தது. அந்த வாரம் முழுக்கக் கார்பின் ஒரு லாடத்தையும் ஒழுங்காக அடிக்கவில்லை. வந்த குதிரைக்காரர்களிடம் நான்தான் ஏதேதோ சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி மழை. மத்தியானம் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார் சேற்றில் திணறிக்கொண்டு வந்து பாலத்துக்கு அக்கரையில் நின்றது. லவீனா இறங்கிப் பாலம் தாண்டி என் கொட்டகைக்கு வந்தாள். குடை இல்லை.

"ஓபல் அத்தை, அந்த இரும்புச் சட்டி இருக்கா? கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"கேக்கத்தான் போறேன். கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்களாமே."

கொடுத்தேன். பின்னாலேயே நானும் போனேன், ஒளித்து என்ன பயன். பட்டறை வாசலில் அவள் நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் ஓடி இமையில் நின்றது. கார்பின் பார்த்தான். சட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நெருப்பு... வாங்க வந்தீங்களா?" என்றான்.

"இல்ல." அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "உங்களைப் பாக்காம ஒரு வாரம் இருந்து பாத்தேன். முடியல. பொய் சொல்லிப் பழகிட்டேனோன்னு எனக்குள்ளேயே ரொம்ப யோசிச்சுட்டுத்தான் வந்தேன்... இது பொய் இல்ல. எனக்கு உங்கமேல ஆசை, கார்பின். இந்தத் தடவை உட்காரத்தான் வந்தேன்."

பட்டறையில் இருந்த ஒரே முக்காலியை இழுத்து, சட்டைக் கையால் இரண்டு தடவை துடைத்து, அவளுக்குப் போட்டான். தான் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

"நான் போன ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும்," என்றான் கடைசியில். "பஸ்ஸுக்கு முன்னால ஓடி வந்து சொல்லியிருக்கணும். இந்த முறையும் நீயே பாலம் தாண்டி வர வேண்டியதாப் போச்சு."

"நீ" என்றான். அவள் கவனித்தாள். நானும் கவனித்தேன்.

அதோடு நான் திரும்பி வந்துவிட்டேன், பீன்ஸ் அடிப்பிடித்துவிடும் என்று. சட்டியைக் கேட்க அப்போது மனசு வரவில்லை. நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அது இப்போதும் அவர்கள் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறது. எப்போது கேட்டாலும் லவீனா, "உட்காருங்க அத்தை, என்ன அவசரம்?" என்கிறாள்.