இரண்டாவது பொம்மை

படத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, எந்த ஊரோ தெரியாத ஒரு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். ஆனால் மென்பொருள் அந்தப் படத்தில் இரண்டு பேரைக் கண்டுபிடித்து இரண்டு பொம்மைகளை வைத்திருந்தது. ஒன்று வாளிக்காரிமேல் அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியிருந்தது. இன்னொன்று படத்தின் மேல்விளிம்பில், துணிக்கொடிக்கும் மேலே, குனிந்த வாக்கில் கிடந்தது. அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

சங்கவி அதை நீக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். மென்பொருள் இப்படிச் சொதப்புவது புதிதல்ல. கொடியில் தொங்கும் சட்டையை ஆள் என்று நினைத்துக்கொள்ளும். கோயில் துவாரபாலகருக்கும் கூசாமல் பொம்மை மாட்டிவிடும். அதையெல்லாம் திருத்தத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

சென்னைக் கம்பெனி வேலை. தினமும் நூறு புகைப்படங்கள் வரும், முகங்களை மட்டும் அழித்துவிட்டு. ஒவ்வொரு படத்திலும் சாம்பல் நிறத்தில், கண் மூக்கு எதுவுமில்லாத ஒரு பொம்மை நிற்கும். படத்தில் இருக்கிற ஆள் எப்படி நிற்கிறாரோ, அப்படியே அந்தப் பொம்மையின் கழுத்தை, தோளை, முழங்கையை, முட்டியை ஒவ்வொன்றாக வளைத்துப் பொருத்த வேண்டும். சரியாகப் பொருந்தியதும் 'ஆள் உண்டு' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மனித உடம்பு எப்படியெல்லாம் வளையும் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். மனிதர்களுக்கே அது இன்னும் பிடிபடவில்லை, கணினிக்கு என்ன அவசரமோ!

தீவின் ஓரத்தில், வண்டூரில் சாலை முடிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட அவள் வீடு. பின்பக்கம் சதுப்புக்காடும் ஓர் ஓடையும். நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கே விளக்கைப் போட்டாக வேண்டும். கடிகாரம் மெயின்லாந்துக்காரன் வைத்தது, சூரியன் மட்டும் நம்முடையது என்று கணவன் வினோத் கிண்டலடிப்பான். அந்தக் கிண்டலைக் கேட்டு நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது.

இஞ்சின் வைத்த டுங்கிப் படகில் மீன்பிடிக்கப் போனான். இரண்டு நாள் கழித்து டுங்கி மட்டும் கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கண்ணையாதான் கட்டி இழுத்து வந்தார். தேடினார்கள், தேடினார்கள், பிறகு தேடுவதை விட்டுவிட்டார்கள். சங்கவி மட்டும் விடவில்லை.

அன்றைக்கும் ராமநாதபுரத்திலிருந்து மாமியார் விசாலாட்சி பேசினாள்.

"ஏத்தா, ஐயருகிட்ட கேட்டுட்டேன். உடம்பு கெடைக்காட்டி, தர்ப்பைப் புல்லுல ஆள் மாதிரி உருவம் செஞ்சு, அதுக்குக் கொள்ளி வச்சுக் காரியத்த முடிச்சிரலாமாம். பெத்தவ நானே மனசக் கல்லாக்கிட்டேன். வெள்ளிக்கெழமைக் கப்பல்ல நீ கெளம்பி வந்துரு."

"கண்ணால பாக்காத சாவுக்கு நான் எதுக்கு அத்தை காரியம் பண்ணணும்? அவரு வருவாரு."

"எங்கத்தா வருவான்?"

சங்கவி போனை வைத்துவிட்டாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதுவும் வேலையில் கிடைத்தது. ஒருவருடைய கை தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தால், கை இல்லை என்று பொம்மையின் கையை விட்டுவிடக் கூடாது. எங்கே இருக்கும் என்று யூகித்து வைக்க வேண்டும். மேற்பார்வை பார்க்கிற செந்தமிழன் பயிற்சியின்போது சொன்னான்: "தெரியலங்கிறதால இல்லன்னு ஆயிடாதுக்கா. மறைஞ்சிருக்கு, அவ்ளோதான்." அவன் வேலைக்காகச் சொன்னதை அவள் உயிருக்காகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த படம் ஒரு சமையலறை. ஆணொருவன் மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது பொம்மை அவன் தலைக்கு மேலே, மின்விசிறியின் உயரத்தில் கிடந்தது. அதே குனிவு. நீக்கினாள். அதற்கடுத்தது பேருந்து நிறுத்தம். அங்கேயும் இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில், பள்ளி மைதானத்தில், யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில், எல்லாவற்றிலும் இருந்தது. முதுகு வளைந்து, தலை தொங்கி, கைகளும் கால்களும் கீழ்நோக்கித் துவண்டு, எதையோ தேடிக் குனிந்தவன் நிமிராமல் விட்டதுபோல.

ஏழாவது படத்தில் அவள் நீக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தாள். வலது கை நேராகத் தொங்கியது. இடது கை தொங்கவில்லை, முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நின்றது. நிமிர்த்திப் பார்த்தாள். நிமிர்ந்தது, அவள் விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டது.

வினோத் பத்து வயதில் பாக்கு மரத்திலிருந்து விழுந்தவன். கட்டுப்போட்டவர் கோணலாகப் போட்டதில், இடது முழங்கை அதற்குப் பிறகு முழுசாக நீளவே இல்லை.

வெளியே மழை தகரத்தின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செந்தமிழனை அழைத்தாள்.

"அக்கா, என் ஸ்கிரீன்ல ஒரு பொம்மதான் இருக்கு," என்றான். "உங்க பக்கம் சாஃப்ட்வேர் எங்கயோ சிக்கியிருக்கும். ரெண்டாவது ஆளே இல்லக்கா."

"மறைஞ்சிருக்கலாம்ல?"

"வானத்துலயா?" என்று சிரித்தான். பிறகு, தனியாக இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "லீவு வேணும்னா எடுத்துக்கங்கக்கா," என்றான்.

மறுநாள் மாலை கண்ணையா ஒரு பையில் மீன் கொண்டுவந்தார். அவள் தேநீர் போட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவர் மேசைமேல் இருந்த மடிக்கணினிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"அரே, இது என்னம்மா?"

"வேலைண்ணே. சும்மா பொம்ம. குனிஞ்சு எதையோ எடுக்குற மாதிரி வருது, ஏன்னு தெரியல."

"குனியல." கண்ணையா டம்ளரை வாங்கினார், குடிக்கவில்லை. "பானில, தண்ணில கெடக்கான். முதுகு மேல, மூஞ்சி கீழ. கை கால் நாலும் அப்படியே தொங்கும். கடல்ல நான் நாலு பேரத் தூக்கியிருக்கேன். எல்லாம் இதே மாதிரிதான்." அவர் விரல் அந்த இடது முழங்கையிடம் போய், தொடாமல் நின்றது. "பந்த் கர் தே. மூடிரு. எங்க வீட்டுக்கு வா, எம் பொண்ணு அமிர்தவல்லிகூடப் படுத்துக்க."

"வேலை இருக்குண்ணே."

அவர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

பயந்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. அன்றிரவு படுக்கையில் கூரையைப் பார்க்காமல் ஒருக்களித்தே கிடந்தாள். ஆனால் பயம் வந்து போகும். தனிமை வந்தால் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறது. நாற்பத்திரண்டு நாளாக அந்த வீட்டில் அவளைத் தவிர அசைந்ததெல்லாம் பல்லியும் திரைச்சீலையும்தான். விடிந்ததும் வேலையைத் திறந்தவள், முதல் படத்தில் அவனைப் பார்த்தபோது, வெட்கமில்லாமல் சொன்னால், சந்தோஷப்பட்டாள்.

அதற்குப் பிறகு நீக்கவில்லை. முதல் பொம்மையைப் பொருத்துவாள், அவனை அவன் இடத்தில் விட்டுவைப்பாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். ஓடைச் சேற்றின் வாடை சன்னல் மூடியிருக்கும்போதும் வீட்டுக்குள் வர ஆரம்பித்தது. மழைக்காலம், வரத்தான் செய்யும் என்று ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள்.

வியாழக்கிழமை மாலை பெட்டி கட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கப்பல். அங்கே போனால் ஒரு புல் உருவத்தைக் கொளுத்தி, அது வினோத் என்பார்கள். அவளும் தலையாட்ட வேண்டும். அத்தோடு அவன் இல்லாதவனாகிவிடுவான். எரிப்பதற்கு ஓர் உருவம் செய்யலாமென்றால், நிறுத்துவதற்கு ஒன்று செய்யக்கூடாதா? இத்தனை நாளாக அவனைத் தண்ணீர் எப்படிப் போட்டதோ அப்படியே கிடக்கிறான். யாரும் நிமிர்த்தவில்லை.

வேலையில் சொந்தப் படங்களையும் ஏற்றலாம். கைப்பேசியை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, மடிக்கணினியோடு கட்டிலில் போய் உட்கார்ந்தாள். பத்து நொடி. படம் விழுந்து திரைக்கு வந்தது. கட்டிலில் அவள். அவள்மேல் ஒரு பொம்மை, கச்சிதமாக. மேலே, கூரைத் தகரத்தை முதுகு தொடுகிற உயரத்தில், இன்னொன்று.

நேராக அவள் தலைக்கு மேல்.

நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணமான புதிதில் படகுத்துறையில் எடுத்த படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டாள். அதில் வினோத் அவள் தோள்மேல் கைபோட்டு நிற்கிறான். பிறகு வேலையை ஆரம்பித்தாள். பொம்மையைக் கூரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள், பாதங்களைத் தரையில் பதித்தாள், முட்டிகளை நிமிர்த்தினாள், வளைந்த முதுகை எலும்பு எலும்பாக நேராக்கினாள், தொங்கிய தலையைத் தூக்கி வைத்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. குழந்தைக்குச் சட்டை போடுவதுபோலப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கடைசியாக அந்த இடது கையை எடுத்து, கோணல் கோணலாகவே, கட்டிலில் இருக்கும் தன் தோள்மேல் வைத்தாள்.

படகுத்துறைப் படத்தோடு நூற்றுக்கு நூறு பொருந்தியது. அவள் அழுதாள். அழுதுகொண்டே 'ஆள் உண்டு' என்பதை அழுத்தினாள்.

மழை நின்றது.

குறையவில்லை, தூறலாகவில்லை. நின்றது. தகரத்திலிருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை. தவளைகள் கத்தவில்லை. ஓடையின் சத்தமும் இல்லை. நீருக்குள் முங்கியதும் காது அடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி ஓர் அமைதி.

சேற்று வாடை இப்போது பின்பக்கமிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது.

இடது தோளில் ஏதோ வைக்கப்பட்டது. கனமாக. ஈரமாக. ரவிக்கைத் துணி நனைந்து தோலில் ஒட்டியது.

"ஏங்க?" என்றாள்.

மூச்சுச் சத்தம்கூட இல்லை. கை மட்டும் இருந்தது. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. வேண்டுமென்று கேட்டதும் அவள்தான், இழுத்து நிறுத்தியதும் அவள்தான், இப்போது பார்க்க மட்டும் முடியவில்லை. படத்தில் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் என்றால் பார்க்க முடியும். மடிக்கணினியிலிருந்தே கைப்பேசிக்கு உத்தரவு கொடுத்தாள்.

பத்து. ஒன்பது.

டப்பாமேல் சிறு விளக்கு மினுக்கியது.

மூன்று. இரண்டு.

வெளிச்சம்.

படம் மெதுவாகத் திறந்தது, மேலிருந்து கீழாக. பொம்மைகள் இரண்டு என்றது மென்பொருள். சரிதான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, அவள் நிறுத்தியபடியே, நேராக, இடது கையை நீட்டிக்கொண்டு.

கட்டிலில் இன்னொன்று இல்லை.

கட்டிலே காலியாக இருந்தது.

இரண்டாவது பொம்மை மேலே இருந்தது. கூரையில். முதுகு மேல், முகம் கீழ். இரண்டு கைகளும் நேராகத் தொங்கின. இடது கையும்.

நீக்க வேண்டும். கீழே இழுக்க வேண்டும். அவளுக்குத்தான் அந்த வேலை தெரியுமே. முட்டியை நிமிர்த்து. முதுகை நேராக்கு. தலையைத் தூக்கு. விரலை நகர்த்தினாள்.

விரல் நகரவில்லை. தொங்கியது.

மடியில் கனம் இல்லை. கட்டிலின் விளிம்பு தொடைக்கடியில் இல்லை. முதுகில் தகரம் பட்டது, சில்லென்று. தலையைத் தூக்கப் பார்த்தாள். கழுத்து கேட்கவில்லை. கூந்தல் அவிழ்ந்து முகத்தின் இரண்டு பக்கமும் விரிந்து மெல்ல அசைந்தது, காற்றே இல்லாத வீட்டில்.

கீழே பார்க்க மட்டுமே முடிந்தது. வெகு கீழே, கட்டில்மேல் திறந்து கிடந்த மடிக்கணினியின் வெளிச்சத்தில், சாம்பல் நிறத்தில் ஒருவன் நேராக நின்றுகொண்டிருந்தான். தரையில் அவன் பாதங்களைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. இடது முழங்கை மடங்கியிருந்தது. அவன் கை, யாருமே இல்லாத இடத்தில், அவள் தோளின் உயரத்தில், அன்போடு தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.