நிரந்தரத் தலைவர்

கூட்டம் தொடங்கிய கால் மணி நேரத்தில், வழக்கம்போல, இறந்தவரைக் கேட்பதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள். வஞ்சிக்கொடி கண்ணை மூடி, வலது காதின் பின்புறத்தை விரலால் தொட்டாள். மேசையைச் சுற்றியிருந்த மூன்று இயக்குநர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

சந்திரனில் கொங்கு நாட்டார் குடியேறி அறுபது வருடமாகிறது. ‘ரத்தினம் நிட்டிங்’ அங்கே பின்னுவது பனியன் அல்ல. குடியிருப்புக் கூடங்களுக்குக் காற்றை வடிகட்டித் தரும் துணி. ஆனாலும் ஊருக்குள் அதற்குப் பனியன் கம்பெனி என்றுதான் பேர். பழக்கம் லேசில் விடுமா? அதை ஆரம்பித்த ரத்தினசபாபதி காலமாகிப் பதினொரு வருடம். அந்த ஊர்ச் சட்டப்படி சாவு யாருடைய பதவியையும் பறிப்பதில்லை. அவருடைய நினைவு முழுவதும் தென்துருவத்து நினைவுக்கிடங்கில் உறைந்திருந்தது. மனைவி வஞ்சிக்கொடியின் காதருகே பதித்த செவிச்சில்லு வழியாக அவர் பேசுவார். அவர் தலைவர், அவள் அவர் சொல்வதை எடுத்துச் சொல்பவள். பன்னிரண்டு மெஷினாக இருந்தது அப்படித்தான் நானூறு மெஷின் ஆனது.

“அண்ணன் என்ன சொல்றாருங்க அண்ணி?” என்றார் கொழுந்தனார் செங்கோடன்.

“ஏழாம் கூடத்துக்குப் போற சரக்கை நிறுத்தச் சொல்றாருங்க. நூல் சரியில்லையாமா. ஈரம் பட்டா இழை பிரியுமாமா.”

ஏழாம் கூடத்தில் நாளைக் காலை அறுநூறு குடும்பங்கள் பால் காய்ச்சிக் குடிபோகின்றன. அத்தனை பேர் மூச்சும் அந்தத் துணியில்தான் இருந்தது. சோதனைக்கூடமோ நூலில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. இவ்வளவு பெரிய சரக்கை நிறுத்துவதானால் செவிச்சில்லைச் சோதித்துச் சான்று வாங்கி வர வேண்டும் என்றார் செங்கோடன். சட்டமும் அதுதான்.

சோதித்தவள் நஸீரா என்ற தொழில்நுட்பப் பெண். திரையைப் பார்த்தாள், எதையோ அழுத்தினாள், மறுபடியும் பார்த்தாள்.

“அம்மா, கிடங்குல இருந்து உங்களுக்கு ஒண்ணுமே வரலீங்க.”

“இன்னைக்கா?”

“என்னைக்குமே வரலீங்க. பதிச்ச நாள்ல இருந்தே இணைப்பு விழல. நீங்க நெனைக்கறத, அது உங்க நெனப்புன்னு உங்களுக்கே தெரியறதுக்கு முன்னால இந்தச் சில்லு புடிச்சு, அவரு குரல்ல உங்க காதுல போட்டுட்டு இருக்குது. அவ்வளவுதானுங்க.”

முதலில் கம்பெனி வஞ்சிக்கொடியின் ஞாபகத்துக்கே வரவில்லை. தினமும் சோற்றில் கை வைக்கும்போது ‘மெதுவாத் தின்னு கண்ணு’ என்று சொன்னது அப்படியானால் யார்? பதினொரு வருடமாக அவள் வெட்கப்பட்டது யாரிடம்? பிறகுதான் நூல் ஞாபகம் வந்தது. நேற்று ஈரக்கையோடு அந்தத் துணியைக் கசக்கிப் பார்த்தது அவளே அல்லவா! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

‘அழாதே’ என்றது காதுக்குள் அவர் குரல். அவள் பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“எங்கிட்ட வந்த நாப்பத்தஞ்சு பொம்பள முதலாளிங்களுக்கும் இதே கதைதானுங்க,” என்றாள் நஸீரா, தணிந்த குரலில். “எல்லாருக்கும் ‘நல்லா இருக்குது’ன்னுதான் எழுதிக் குடுத்தேன். உங்களுக்கும் எழுதட்டுங்களா?”

வஞ்சிக்கொடி பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. ஆனால் ‘இது என் முடிவு’ என்று போய் நின்றால் சரக்கு சாயங்காலமே ஏறிவிடும்.

“எழுதும்மா,” என்றாள்.

அவள் கூட்டத்துக்குத் திரும்பியதும் சான்றை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் செங்கோடன். “ரொம்ப சந்தோசமுங்க. இருந்தாலும் அண்ணன் வாயாலயே ஒருக்கா கேட்டுட்டா மனசு ஆறிடும். கிடங்குல இருந்து நேரா ஸ்பீக்கருக்கு இணைப்பு வாங்கிட்டேன். இனி நீங்க எதுக்குங்க அண்ணி வீணா சிரமப்பட்டுக்கிட்டு?”

வஞ்சிக்கொடி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பதினொரு வருடம் பனியில் கிடந்தவருக்கு இந்த நூலைப் பற்றி என்ன தெரியும்? ‘அனுப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அறுநூறு குடும்பத்தின் கதி அவ்வளவுதான்.

“அண்ணா, நாந்தான் செங்கோடன். ஏழாம் கூடத்துச் சரக்கு, ஈரம் பட்டா இழை பிரியும்னு ஒரு பேச்சு இருக்குதுங்க. அனுப்பலாங்களா, நிறுத்தலாங்களா?”

அவள் காதுக்குள் அந்தக் குரல் ‘நிறுத்து, நிறுத்து’ என்று கத்திக்கொண்டிருந்தது. மேசைமேல் அதே குரல் சாவகாசமாகத் தொண்டையைச் செருமியது. ஒரே மனிதர் இரண்டு இடத்தில் இருந்தார்.

“இருப்பா,” என்றது ஸ்பீக்கர். “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன். வஞ்சி எங்க? அவளைக் கேக்காம நான் என்னைக்குத் தம்பி முடிவு சொல்லியிருக்கேன்?”

செங்கோடன் எழுந்து ஸ்பீக்கரைப் பார்த்துக் கைகூப்பினார். அண்ணன் உத்தரவாயிற்றே! பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க என்ன சொல்றீங்க அண்ணி?”

“நிறுத்துங்க.”

சரக்கு நின்றது. சோதனைக்கூடத்தார் துணியை மறுபடி நனைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் அது நார் நாராகப் பிரிந்தது. அறுபது வருடத்துக் குறிப்புகளைப் படித்துத் தேர்ந்த, கூட்டக் குறிப்பு எழுதும் இயந்திரம் உடனே ஒரு தாளை நீட்டியது. இயக்குநர்கள் வாசித்துப் பார்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்திட்டார்கள்:

‘தலைவர் ரத்தினசபாபதி அவர்களின் தொலைநோக்கால் பேராபத்து தவிர்க்கப்பட்டது. தேநீர் உபயம்: திருமதி ரத்தினசபாபதி.’